அரத்துக்குத் தப்பிய எண்

பழைய டூவீலர் வாங்கிப் பெயர் மாற்றியவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் வண்டியை ஓரங்கட்டி, ஹேண்டில்பார் கழுத்தில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, அங்கே பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர் மேல் ஒரு துண்டு வெள்ளைத்தாளை அழுத்திப் பிடிப்பார் புரோக்கர். பென்சிலைப் படுக்கவைத்து இரண்டு இழுப்பு இழுப்பார். கறுப்புக்கு நடுவே வெள்ளையாக எண்கள் எழும். அந்தத் துண்டை விண்ணப்பத்தில் ஒட்டிக் கொடுத்தால், பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியோடு வைத்துச் சரிபார்த்துக்கொள்வார்.

சரி, அந்த எண்ணை யாராவது அரம் போட்டு வழவழவென்று தேய்த்துவிட்டிருந்தால்? பென்சிலுக்கு வெறும் கறுப்புதான் கிடைக்கும். பள்ளம் போனதோடு எண்ணும் போய்விட்டது என்றுதான் தேய்த்தவன் நினைத்திருப்பான். ஆனால் பஞ்ச் அடித்த எண் அந்தப் பள்ளத்தோடு முடிந்துவிடுவதில்லை. பள்ளத்துக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிற பகுதியிலும் அது இருக்கிறது. தடய அறிவியல் கூடத்தில் அழிந்த எண்ணை மீட்கும் வேலை முழுவதும் அந்த நசுங்கலை நம்பித்தான் நடக்கிறது.

இரும்பில் இது பழைய சங்கதி, பிளாஸ்டிக்கில்தான் கதை வேறு. எண் பஞ்ச் இறங்கும்போது அடியிலுள்ள உலோகப் படிகங்கள் நெரிபடும். நெரிசல் கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தைத் தாண்டியும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். பள்ளத்தின் அடிமட்டம் வரை அரம் போட்டுவிட்டு, போதும் என்று நிறுத்தியவன் அந்த நெரிசலை விட்டுவிட்டுப் போகிறான். நெரிந்த உலோகமும் நெரியாத உலோகமும் அமிலத்தோடு ஒரே வேகத்தில் வினைபுரியாது. எஃகுக்கு வழக்கமாக எடுப்பது ஃப்ரை கரைசல்: 90 கிராம் குப்ரிக் குளோரைடு, 120 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம், 100 மில்லி தண்ணீர். பஞ்சுத் துண்டில் தொட்டுத் தடவிக்கொண்டே இருந்தால் எண் நிழல்போல எழும், கொஞ்ச நேரத்தில் மங்கும், மறுபடி தடவினால் மறுபடி எழும். மலேசியாவில் கெலந்தான் மாநிலத்திலுள்ள குபாங் கெரியானில், யுனிவர்சிட்டி சைன்ஸ் மலேசியாவின் தடய அறிவியல் பிரிவு எஃகிலும் அலுமினியத்திலும் எந்தக் கரைசல் எவ்வளவு வேலைசெய்யும் என்று வரிசையாகச் சோதித்து எழுதியிருக்கிறது. அந்தக் கட்டுரைகளில் ஆர். குப்புசாமி என்ற பெயரை அடிக்கடி பார்க்கலாம்.

அதே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பிளாஸ்டிக்கிடம் போனால் ஒன்றும் நடக்காது. கார் பேட்டரியின் அமிலத்தையே நாம் பிளாஸ்டிக் பெட்டியில்தானே ஊற்றி வைத்திருக்கிறோம்.

பிளாஸ்டிக்கில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேதியியல் வகுப்பைவிட ஆசாரியின் பட்டறை நல்ல இடம். தேக்கு மேசை மேல் சுத்தியல் விழுந்து பள்ளமாகிவிட்டது என்று வையுங்கள். ஆசாரி ஈரத்துணியை நாலாக மடித்துப் பள்ளத்தின் மேல் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுப்பார். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். நாலைந்து முறை செய்தால் பள்ளம் மேலேறி மட்டத்துக்கு வந்துவிடும். அதே இடத்தில் உளி பட்டுச் சில்லு பெயர்ந்திருந்தால் என்னதான் ஆவி காட்டினாலும் மேலே வராது. நசுங்கிய மரம் அங்கேயே இருக்கிறது, சூடும் ஈரமும் பட்டதும் நிமிர்கிறது. பெயர்ந்துபோன மரம் அங்கே இல்லவே இல்லை, எது நிமிரும்?

ஜப்பானில் நெட்சுகே என்ற குட்டிச் சிற்பங்களைச் செதுக்குகிறவர்கள் இதையே ஒரு கலைநுட்பமாக வைத்திருந்தார்கள். மரத்தில் மொட்டை ஊசியால் அழுத்திச் சின்னச் சின்னக் குழிகள் போடுவார்கள். அப்புறம் சுற்றியுள்ள மரத்தைக் குழியின் அடிமட்டம் வரை சீவிவிடுவார்கள். இப்போது பரப்பு சமம், குழியே தெரியாது. வெந்நீர் பட்டதும் அழுத்துப்பட்ட இடங்கள் மட்டும் மொட்டு மொட்டாக மேலெழும், தவளையின் முதுகு மாதிரி. உகிபோரி என்று அதற்குப் பெயர். குழிகளுக்குப் பதில் எண்களையும், சீவுகிற உளிக்குப் பதில் திருடனின் அரத்தையும் வைத்துப் பாருங்கள். ஆய்வாளர் செய்யவேண்டிய மிச்ச வேலை அந்த வெந்நீர்தான்.

பிளாஸ்டிக்கும் அப்படி நிமிருமா என்று சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். காலியான தண்ணீர் பாட்டில் ஒன்றைச் சிங்க்கில் நிறுத்தி, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். பாட்டில் சட்டென்று உடம்பைக் குறுக்கும், உயரம் குறையும், தடித்துப்போகும். பாட்டில் பிறந்த கதை இது: முதலில் அது கெட்டியான சோதனைக்குழாய் மாதிரி ஒரு சின்னத் துண்டு. அதைச் சூடாக்கி, நீட்டி, காற்றை ஊதிப் பெரிதாக்கி, அந்த நிலையிலேயே குளிரவைத்து விட்டார்கள். ஏறத்தாழ 75 டிகிரியைத் தாண்டிச் சூடு கிடைத்ததும் பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். மூடி திருகும் கழுத்து மட்டும் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. அது தொடக்கத்திலேயே அந்த வடிவில் வார்க்கப்பட்டது. யாரும் அதை இழுக்கவில்லை, ஊதவில்லை, ஆகவே திரும்பிப் போக அதற்கு வேறு இடம் இல்லை. இந்தக் கழுத்து பின்னால் நமக்குத் தேவைப்படும்.

உள்ளே நடப்பது இதுதான். பாலிமர் என்பது நீளநீளமான சங்கிலி மூலக்கூறுகளின் குவியல். இடியாப்பச் சிக்கல் என்று சொல்வோமே, அது உவமையாக இல்லாமல் நிஜமாகவே பொருந்துகிற இடம். இழைகள் சுருண்டு பின்னிக் கிடப்பதுதான் அவற்றுக்குச் சௌகரியமான நிலை. அச்சை வைத்து அழுத்தினால் அந்த இடத்து இழைகள் ஒரு பக்கமாக இழுபட்டு, நசுங்கி, அப்படியே உறைந்து நின்றுவிடுகின்றன. உறைந்த நிலையில் அவை அசைய முடியாது. ஒவ்வொரு பிளாஸ்டிக்குக்கும் இளகும் வெப்பநிலை ஒன்று உண்டு. பாலிஸ்டைரீனும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கும் 100 டிகிரியை ஒட்டி இளகும், பாலிகார்பனேட்டுக்கு 150 டிகிரி வரை போகவேண்டும். அந்த எல்லையை நெருங்கும்போது இழைகளுக்கு மறுபடி அசைய இடம் கிடைக்கிறது, பழைய சுருளுக்குத் திரும்புகின்றன. எண் இருந்த இடம் லேசாக மேடுதட்டுகிறது. பள்ளமாகப் போன எண் மேடாகத் திரும்பி வருவதை முதன்முதலில் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும்.

சூடு ஒரு வழி என்றால் கரைப்பான் இன்னொரு வழி. அசிட்டோன், குளோரோஃபார்ம் போன்றவற்றின் சின்ன மூலக்கூறுகள் இழைகளுக்கு நடுவே நுழைந்து சிக்கலைத் தளர்த்துகின்றன, பிளாஸ்டிக் ஊறி உப்புகிறது. சூடு செய்கிற வேலையைச் சூடில்லாமல் செய்வதுபோல. அழுத்துப்பட்ட இடமும் படாத இடமும் ஒரே அளவில் உப்பாததால் எண் தெரியவருகிறது. ஜெர்மனியின் மத்தியக் குற்றப்புலனாய்வு அமைப்பைச் சேர்ந்த ஹோர்ஸ்ட் காட்டர்வே, பாலிமர்களில் அழிக்கப்பட்ட எண்களை மீட்பது பற்றி 1994-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. வெப்பமும் கரைப்பானும் பிளாஸ்டிக்குக்கு அமிலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று முறையாகக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, எந்த பிளாஸ்டிக்கிலும் எந்த எண்ணையும் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாறுவோம். எண் எப்படி அழிக்கப்பட்டது என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். எண் முதலில் எப்படிப் போடப்பட்டது என்பதுதான் நான் முதலில் கேட்க விரும்பும் கேள்வி, மீட்புக்கு வழி இருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. சூடான அச்சால் அழுத்திப் போட்ட எண்ணுக்குக் கீழே நல்ல நசுங்கல் இருக்கும், வாய்ப்பு அதிகம். சுழலும் ஊசியால் சுரண்டிப் பொறித்த எண்ணில் பொருள் வெட்டியெடுக்கப்பட்டிருக்கிறது. வெட்டின் ஓரங்களிலும் அடியிலும் ஏதோ கொஞ்சம் அழுத்தம் இருக்கும், அவ்வளவுதான். ஆசாரியின் சில்லு பெயர்ந்த கதை. லேசரால் எழுதியது என்றால் அந்த இடத்து பிளாஸ்டிக் கருகியோ நுரைத்தோ நிறம் மாறியிருக்கும். அந்த மாற்றம் இறங்கிய ஆழத்தைத் தாண்டித் தேய்த்துவிட்டால் தேடுவதற்கு அநேகமாக எதுவும் மிஞ்சாது. வார்க்கும் அச்சிலேயே எண் இருந்து, உருகிய பிளாஸ்டிக் அதில் பாய்ந்து எண்ணாக உறைந்திருந்தால், அதுதான் பாட்டிலின் கழுத்து. யாரும் அழுத்தவில்லை, ஆகவே திரும்ப வருவதற்கும் பெரிதாக எதுவும் இல்லை.

பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கும் இந்தக் குணத்தை பிளாஸ்டிக்கின் நினைவு என்று சொல்லலாம். அந்த நினைவு எதிர்ப்பக்கமாகவும் வேலைசெய்யும். புடைத்த எண்கள் உள்ள பழைய மாதிரி ஏ.டி.எம்., கிரெடிட் கார்டுகள் நினைவிருக்கிறதா? கார்டை ஒரு இயந்திரத்தில் வைத்து, மேலே கார்பன் தாள் போட்டு, சரக் சரக்கென்று இழுப்பார்களே, அந்தக் காலம். திருட்டுக் கார்டின் எண்களைச் சூடுகாட்டித் தட்டையாக்கி, அதன் மேலேயே வேறு எண்ணை அடித்து விற்ற கும்பல்கள் பல நாடுகளில் இருந்தன. கார்டு செய்யும் பி.வி.சி. பிளாஸ்டிக் ஏறத்தாழ 80 டிகிரியில் இளகும். முதலில் தட்டையாக இருந்த தாள்தானே கார்டு ஆனது, ஆகவே சூடு பட்டதும் தட்டையாவது அதற்கு இயல்பு. ஆனாலும் அந்தத் தட்டையாதல் முழுமையாக நடப்பதில்லை. விளக்கைக் கார்டின் ஓரத்தில் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்தால், புது எண்ணின் பின்னால் பழைய எண்ணின் ஆவி தெரியும்.

தடய அறிவியல் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வந்து சேர்ந்தால் யாரும் நேராகச் சூடு காட்டுவதில்லை, காட்டக்கூடாது. முதல் வேலை சாய்வு வெளிச்சமும் கேமராவும். பிளாஸ்டிக்கை வேகமான கிரைண்டரால் தேய்த்தவன் தனக்கே தெரியாமல் ஆய்வாளருக்கு ஒரு உதவி செய்திருக்கக்கூடும்: உராய்வுச் சூட்டில் உருகிய பிளாஸ்டிக் பள்ளங்களுக்குள் பூசிக்கொள்ளும். எண் அழியாமல் வெறுமனே அடைபட்டிருக்கும். அடைப்பை நிதானமாக எடுத்தால் பள்ளத்தின் அடி அப்படியே கிடைத்துவிடும்.

துண்டு ஒளி ஊடுருவக்கூடியதாக இருந்தால் அடுத்தது போலராய்டு. இதையும் நீங்களே செய்து பார்க்கலாம். லேப்டாப்பில் வெள்ளைத் திரையைத் திறந்துவைத்து, அதன் முன்னால் ஒரு பழைய சி.டி. பெட்டியைப் பிடித்து, போலராய்டு கூலிங்கிளாஸ் வழியாகப் பாருங்கள். வெறும் கண்ணாடி மாதிரி இருந்த பெட்டியில் வானவில் பட்டைகள் ஓடும். மூலைகளிலும், பிளாஸ்டிக்கை உள்ளே செலுத்திய புள்ளியைச் சுற்றியும் பட்டைகள் நெருங்கி நிற்கும். உள்ளே அழுத்தம் உறைந்து நிற்கும் இடங்கள் அவை. அழுத்தம் கொடுத்த கண்ணாடி ஒளியை இப்படிப் பிரிக்கிறது என்று டேவிட் புரூஸ்டர் 1810-களிலேயே கண்டார். தேய்த்து மட்டமாக்கிய ஒரு துண்டில் எண்ணின் நசுங்கலும் இதேபோல வண்ணமாகத் தெரியும் வாய்ப்பு இருக்கிறது, துண்டைத் தொடாமலேயே. கறுப்பு பிளாஸ்டிக் என்றால் இந்த வழி அடைபட்டுவிடும். வழக்குகளில் வந்து சேரும் பொருள்கள் ஏனோ பெரும்பாலும் கறுப்பாகவே இருந்து தொலைக்கின்றன.

இன்னொரு தொடாத வழி ராமன் நிறமாலை. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-ல் கல்கத்தாவில் கண்ட விளைவு இங்கே வந்து வேலைசெய்கிறது. லேசர் ஒளியை ஒரு புள்ளியில் விழவைத்து, சிதறி வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அங்குள்ள மூலக்கூறுப் பிணைப்புகளின் கையொப்பம் கிடைக்கும். நசுங்கிய இடத்தில் அந்தக் கையொப்பத்தின் முகடுகள் கொஞ்சம் அகலும், உயரம் மாறும். புள்ளி புள்ளியாக நகர்ந்து, பரப்பு முழுவதையும் வரைபடமாக்கினால் எண் தெரியவரலாம். பாலிகார்பனேட், பாலிஎத்திலீன், நைலான் ஆகியவற்றில் இதைச் சோதித்திருக்கிறார்கள். துண்டு சேதமாகாது என்பது பெரிய லாபம். ஆனால் மெதுவான வேலை, விலையுள்ள கருவி, நிறமிகள் சேர்ந்த பிளாஸ்டிக் என்றால் அவை தாமே ஒளிர்ந்து சின்னச் சைகைகளை மூழ்கடித்துவிடும்.

இதெல்லாம் முடிந்தபிறகுதான் வெப்பமும் கரைப்பானும். அதற்கு முன் துண்டு எந்த பிளாஸ்டிக் என்று அகச்சிவப்பு நிறமாலையில் பார்த்தாகவேண்டும், ஏனென்றால் ஒன்றுக்கு மருந்து இன்னொன்றுக்கு விஷம். பாலிஸ்டைரீன் அசிட்டோனில் கூழாகிவிடும். பாலிகார்பனேட் அதே அசிட்டோன் பட்டால் வெளுத்து வெடிப்பு விடும். நைலானோ அசிட்டோனைக் கண்டுகொள்ளவே செய்யாது. நல்ல ஆய்வாளர் அதே வகை பிளாஸ்டிக்கில் தானே ஓர் எண்ணை அடித்து, தேய்த்து, அதில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வழக்குத் துண்டில் கை வைப்பார். வெப்பக் காற்றைத் தூரத்திலிருந்து மெல்ல மெல்லக் காட்டவேண்டும். கேமரா தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். எண் எழுவதும் மறைவதும் சில நொடிகளில் நடந்துமுடியும். கரைப்பான் ஆவியானதும் உப்பல் வடியும், எண்ணும் வடியும். சூடு கொஞ்சம் அதிகமானால் சுற்றுப்பரப்பே நெளிந்து குழம்பிவிடும். இரும்பில் எண் மங்கினால் மறுபடி தடவலாம். பிளாஸ்டிக்கில் இழைகள் ஒருமுறை பழைய சுருளுக்குத் திரும்பிவிட்டால் திரும்பியதுதான். ஒரே ஒரு வாய்ப்பு. அவசரக்காரர் கையில் ஹீட் கன் போய்ச் சேர்ந்தால் திருடன் பாதியில் விட்டதை அவர் முடித்துவைத்துவிடுவார்.

இந்தத் துறைக்கு இவ்வளவு கவனம் கிடைத்ததற்குப் பெரிய காரணம் துப்பாக்கி. 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் க்ளாக் 17 வந்தபோது, பிடியும் உடல்சட்டமும் நைலான் வகை பிளாஸ்டிக்கால் ஆன கைத்துப்பாக்கியை ராணுவமே வாங்கியது பலருக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்று அது சாதாரணம். அமெரிக்காவில் 1968-ன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தயாரிப்பாளர் ஒவ்வொரு துப்பாக்கியின் உடல்சட்டத்திலும் வரிசை எண் போடவேண்டும். 2002-லிருந்து அந்த எண்ணுக்கு அளவும் வந்தது: ஆழம் குறைந்தது 0.003 அங்குலம், உயரம் ஓர் அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு. 0.003 அங்குலம் என்பது மில்லிமீட்டரில் 0.076, நாம் ஜெராக்ஸ் போடும் தாளின் தடிமன்கூட இல்லை. இவ்வளவு மெல்லிய பள்ளத்தை மென்மையான பிளாஸ்டிக்கில் போட்டால் உப்புத்தாளுக்கு எத்தனை நேர வேலை? க்ளாக்கில் எண் பிளாஸ்டிக்கில் இல்லை. குழலுக்குக் கீழே சட்டத்தின் அடிப்பக்கம் சின்ன உலோகத் தகடு ஒன்றைப் பதித்து, எண்ணை அதில் போடுகிறார்கள். குழலிலும் மேல் சறுக்கியிலும் அதே எண் இருக்கும். பிளாஸ்டிக்கின் நினைவை நம்புவதைவிட உலோகத்தை நம்பலாம் என்றுதான் இதைப் படிக்கவேண்டியிருக்கிறது. தகட்டைத் தேய்த்திருந்தால் ஆய்வாளர் பழையபடி அமிலப் பாட்டிலைத் திறக்கலாம். தகட்டையே நெம்பி எடுத்திருந்தால் மிஞ்சுவது ஓர் ஓட்டை.

இந்தியாவில் 1959-ன் ஆயுதச் சட்டம் 8-வது பிரிவு துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பதைத் தடைசெய்கிறது. அதோடு நிற்கவில்லை. எண் அழிந்த துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், மாறாக நிரூபிக்கப்படாதவரை, அழித்தவர் அவரே என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆக, எண் அழிந்திருக்கிறது என்று காட்டினாலே வழக்கின் ஒரு பாதி நின்றுவிடும். அந்தத் துப்பாக்கி எங்கிருந்து புறப்பட்டு யார் கை மாறி வந்தது என்பதற்குத்தான் எண்ணே வேண்டும்.

எண் கிடைத்தாலும் அது டெலிபோன் டைரக்டரி மாதிரி பளிச்சென்று கிடைப்பதில்லை. அரம் சமமாக ஓடாது. ஒரு முனையில் ஆழமாகவும் மறுமுனையில் மேலோட்டமாகவும் தேய்ந்திருக்கும். பிளாஸ்டிக்கில் மேடுதட்டும்போது எண்ணின் ஓரங்கள் மழுங்கிப்போகும், 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும், 5-க்கும் 6-க்கும் வித்தியாசம் ஒரு சின்ன வளைவுதான். இந்த இடத்தில் ஆய்வாளர் விசாரணை அதிகாரியிடம் சந்தேகப்படும் எண் எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாமல் இருப்பது நல்லது. எதிர்பார்க்கும் எண் மனதில் ஏறிவிட்டால் கண் அதைத்தான் பார்க்கும். தான் பார்த்ததை மட்டும், தெரியாத இடத்துக்குக் கோடு போட்டு, இரண்டில் ஒன்றாகத் தெரியும் இடத்துக்கு இரண்டையும் எழுதி, படங்களோடு கொடுக்கவேண்டும்.

ஆறு இலக்கத்தில் நாலு தெளிவு, மீதி இரண்டிலும் ஒவ்வொன்றுக்கு இரண்டு சாத்தியம் என்று அறிக்கை வருகிறது என்று வையுங்கள். மொத்தம் நாலு எண்கள். தயாரிப்பாளரின் பதிவேட்டை எடுத்து நாலையும் தேடுவார்கள். ஒன்று அந்த மாடலிலேயே வெளிவராத எண். இன்னொன்று வேறு அளவுக் குழல் உள்ள துப்பாக்கிக்கு உரியது. மூன்றாவது இன்னும் அதன் சொந்தக்காரரின் பீரோவிலேயே பத்திரமாக இருக்கிறது, போய்ப் பார்த்தும் வந்துவிட்டார்கள். அப்புறம் மிச்சம் ஒன்றுதான்.